முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவள்

படங்களைப் பற்றி எழுதும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்தச் சாயம் எந்தக் காலத்தது, எந்த ஓவியர் யாரிடம் படித்தார் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய ஒன்றை நான் சொல்கிறேன். இந்த வேலையில் பொறாமை வரும். வரைந்தவர்மேல் அல்ல, வரைகிறவன் வேறு ஜாதி, அவனோடு நமக்குப் போட்டியில்லை. அதே படத்தைப் பார்த்துவிட்டு நம்மைவிட நன்றாக எழுதிவிட்டவர்மேல் வரும். எனக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் முழுதாகப் போகவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் லண்டனில் கலை வரலாறு படித்துவிட்டுத் திரும்பி, பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பாவின் வீட்டில் இருந்துகொண்டு, கோலாலம்பூரில் ஒரு கலைக்கூடத்தில் வேலை பார்த்தேன். கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பது, அவற்றைப் பற்றிக் கையேடு எழுதுவது என் பொறுப்பு. அதோடு ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலரில் மாதம் ஒரு கட்டுரை. தமிழில் ஓவியத்தைப் பற்றி முறையாகப் படித்து எழுதுகிற ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் என் கட்டுரைக்கு வாசகர் கடிதம் வராது. எப்போதாவது வந்தாலும் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி வரும்.

அதே மலரில் குணசீலன் எழுதினார். காப்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சிறுகதைக்காரர். ஓவியத்தைப் பற்றி ஒரு புத்தகம்கூடப் படித்தவர் இல்லை. அவர் செய்ததெல்லாம், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இருக்கிறவர்களுக்குப் பெயர் வைத்து, வீடு கொடுத்து, துக்கம் கொடுத்துக் கதையாக்கியதுதான். ஒரு படகு இருந்தால் படகோட்டியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும். ஒரு காலி மைதானம் இருந்தால் அங்கே ஆடிய பையன் செத்திருப்பான். அவருக்குக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த மூட்டை மலரின் ஆசிரியர் மேசையோரம் இருக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு என் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் எங்கள் கலைக்கூடத்தில் நல்லதம்பி என்ற ஓவியரின் படங்களைக் காட்சிக்கு வைப்பதாக முடிவானது. கிள்ளானில் ஓவிய ஆசிரியராக இருந்து, சில வருடங்களுக்கு முன் காலமானவர். உயிரோடிருந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நான்தான் மேலிடத்தில் பேசி, சண்டை போட்டு, அவருக்கு ஒரு கூடம் வாங்கினேன்.

அவருடைய படங்களில் முக்கியமானது ஒன்று. சிவப்புத் தளம் போட்ட ஒரு அறை. பக்கவாட்டாகப் போட்ட ஒரு பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்திருப்பாள். எதிரே ஒரு ஜன்னல். அவ்வளவுதான். நான் அதைப் பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி மண்டபத்தில் கூட்டத்துக்கு நடுவே ஒருமுறை பார்த்திருந்தேன். பிறகு கையில் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதை வைத்துத்தான் அழைப்பிதழையும் அச்சடித்தோம்.

அழைப்பிதழ் வெளியே போன வாரம், ஞாயிறு மலரில் குணசீலன் அந்தப் படத்தை வைத்துக் கதை எழுதிவிட்டார். பெயர் 'காத்திருப்பவள்'. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன ஒருவனுக்காக அந்தப் பெண் ஜன்னலோரம் காத்திருக்கிறாள். ஓவியர், நல்லதம்பி என்ற சொந்தப் பெயரிலேயே, அவளைத் தினமும் பின்னாலிருந்து பார்க்கிறார். அவள் ஒருநாளும் திரும்புவதில்லை. அவர் மனதில் இருப்பதைச் சொல்வதும் இல்லை, வரைகிறார்.

நான் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி ஆறிப்போகப் படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். என் ஓவியர், என் கண்காட்சி, நான் சண்டை போட்டு வாங்கிய கூடம். இனி வருகிறவர்கள் எல்லாம் குணசீலனின் காத்திருப்பவளைப் பார்க்கத்தான் வருவார்கள். கலைக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் "அந்தக் காத்திருப்பவள் படம் எந்த நாளிலிருந்து வைப்பீங்க?" என்றுதான் கேட்டார்கள். ஓவியர் அதற்குப் பெயரே வைத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஓவியரின் மனைவி ருக்மணி கிள்ளானிலிருந்து அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"அந்தப் படம் வராதும்மா. மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க. அது வராது."

"ஏன் ஆன்டி? என்ன ஆச்சு?"

"பேப்பர்ல போட்டிருக்காங்களே, பாக்கல? என் நாத்தனா கல்யாண வீட்டுல எல்லார் முன்னாலயும் கேக்குறா, 'அண்ணனுக்கு இப்படி ஒருத்தி இருந்தாளா அண்ணி, நீங்க சொல்லவே இல்லையே'ன்னு. நான் என்னத்தச் சொல்றது? முப்பது வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டவ நான். அவ யாருன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வருது. அதோட அதுக்கும் சேத்து வெள்ளச் சாயம் அடிச்சிடப் போறேன்."

தொலைபேசியை வைத்தபோது பயந்தேன். படம் அழிந்துவிடுமே என்ற பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்ததையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. குணசீலன் மாட்டிக்கொண்டார் என்ற குளிர்ச்சி. பத்திரிகை அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும்போதே மனதுக்குள் மறுப்புக் கட்டுரை தயாராகிவிட்டது. ஆதாரமில்லாத கற்பனை, இறந்தவரின் மானம், உயிரோடிருப்பவரின் வேதனை. வாக்கியங்கள் தாமாக வந்து விழுந்தன. எனக்கு அவ்வளவு சுலபமாக எழுத வருவதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு மலரின் ஆசிரியர் வெற்றிலை போடுகிற, அதிகம் பேசாத மனிதர். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டார்.

"எழுதுங்க. மொதப் பக்கம் தரேன். அந்தாளு எழுதுனது தப்புன்னா தப்புன்னு வரட்டும். ஒன்னே ஒன்னு. நீங்க படத்தப் பாத்தீங்களா?"

"பாத்திருக்கேன் சார்."

"எப்போ?"

பள்ளி மண்டபத்தைச் சொன்னேன். புகைப்படத்தைச் சொன்னேன்.

"குணசீலன் அந்த வாத்தியாரோட ஒரே பள்ளிக்கூடத்துல வேலை செஞ்சவரு. அந்த வீட்டுக்குப் போக வர இருந்தவரு. அவரு அந்தப் படத்த எத்தன தடவ பாத்திருப்பாரு?" என்றார். பிறகு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு முகம் சுட்டது. படிக்காதவர் பார்த்திருக்கிறார், படித்தவள் பார்க்கவில்லை. வெளியே வந்து பொதுத் தொலைபேசியிலிருந்து குணசீலனின் பள்ளிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வரேன் மிஸ். ரெண்டு பேரும் சேந்தே போவோம். அக்கா என்னைத் திட்டட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தன் பழைய காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஃபெடரல் ஹைவேயில் ஒரு மணி நேரப் பயணம். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். கிள்ளானுக்குள் நுழையும் முன் பசியாறக் கடையில் நிறுத்தினார். ரொட்டி போடுகிற மனிதர் மாவைத் தட்டியபடியே, "சார், அந்தக் கப்பல் கதை நீங்க எழுதுனதுதானே? என் வீட்டம்மா வெட்டி வெச்சிருக்காங்க சார். படிச்சிட்டு அழுதுட்டாங்க லா" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கவில்லை. நான் அந்த ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

குணசீலனும் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்காவுக்கு இப்படி ஆகும்னு நான் நெனைக்கல மிஸ். கதைன்னு போட்டுத்தானே எழுதினேன்" என்றார்.

"படம் நெசம்தானே சார். அவங்க புருஷன் பேரும் நெசம்தானே" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். நான் சொன்னது சரிதான். ஆனால் சொன்ன குரலில் இருந்த சந்தோஷம் அவருக்குக் கேட்டிருக்கும்.

ருக்மணியின் வீடு மேரு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வரிசை வீடு. முன்கூடத்தில் சாமான்களை எல்லாம் நடுவில் குவித்துத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சாயத் தகரங்கள் வாசலில் இருந்தன. ஒரு சுவருக்கு ஏற்கெனவே வெள்ளை அடித்தாகிவிட்டது. அடிக்கிறவர் மதியம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். படம் மட்டும் தனியாகச் சுவரில் சாய்த்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. முதுகு காட்டி உட்கார்ந்தவளின் படத்தையே நமக்கு முதுகு காட்ட வைத்திருந்தார் ருக்மணி.

ருக்மணிக்கு அறுபதுக்கு அருகில் வயது. மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. என்னை உட்காரச் சொன்னார். குணசீலனைச் சொல்லவில்லை.

"குணா, இந்த வீட்டுல நீ எத்தன வாட்டி சாப்பிட்டிருப்ப?"

"அக்கா..."

"அவர் செத்தப்போ தூக்கிட்டுப் போனவன் நீ. உனக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. அதானே? சொல்லு. யாரு அவ?"

"யாரும் இல்லக்கா. சத்தியமா. நான் சும்மா கற்பனையா எழுதினேன்."

"கற்பன எங்கிருந்து வரும்? எதையாச்சும் பாத்துத்தானே வரும்?"

குணசீலன் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கதைக்காரர் செய்யக்கூடியதைச் செய்தார். படத்தைத் திருப்பி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, உங்களுக்கு இன்னுமா புரியல? இது நீங்கதான். கல்யாணமான புதுசுல உங்கள வரைஞ்சிருக்காரு. கூச்சப்பட்டுக்கிட்டு மொகத்த வரையல. அவரு எப்படிப்பட்டவருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் அது உண்மையாகத் தோன்றியது. ருக்மணியின் முகத்தில்கூட ஏதோ இளகியது. அவர் படத்தின் அருகே போய்க் குனிந்தார். பிறகு நிமிர்ந்தபோது முகம் பழையபடி இறுகியிருந்தது.

"என் முடி அந்தக் காலத்துல இடுப்புக்குக் கீழ தொங்கும். கொண்ட போட்டா கழுத்து தெரியாது. இவளுக்குச் சுண்டக்கா அளவு கொண்ட. இந்த ஜன்னல் என் வீட்டு ஜன்னல் இல்ல. இந்த நாற்காலி என் வீட்டு நாற்காலி இல்ல. என்னை என்ன பைத்தியக்காரின்னு நெனச்சியா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. வெளிநாடெல்லாம் போயிருக்கீங்க. நீங்க சொல்லுங்கம்மா. இது நானா?"

இப்போது நான் நின்ற இடத்தை நீங்கள் யோசித்துப் பாருங்கள். குணசீலன் ருக்மணிக்குப் பின்னால் நின்று என்னைக் கண்ணால் கெஞ்சினார். 'ஆமாம், நீங்கள்தான், வரைகிறவர்கள் முடியை மாற்றுவார்கள், ஜன்னலை மாற்றுவார்கள், லண்டனில் இதையெல்லாம் படித்திருக்கிறேன்' என்று நான் சொன்னால் ருக்மணி நம்புவார். நம்ப ஆசைப்படுகிறார் என்பது தெரிந்தது. படம் பிழைத்துவிடும். என் கண்காட்சியும் பிழைக்கும். ஒரு பெண்ணின் மனதும் ஆறும்.

இன்னொரு பக்கம், 'இவர் எழுதியதும் பொய், இப்போது சொன்னதும் பொய்' என்று சொல்லலாம். அது உண்மை. அதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. குணசீலனின் முகம் அப்போது எப்படியாகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் என்னை நிறுத்தியது. இவ்வளவு இனிப்பாக இருக்கும் உண்மையை நான் சொல்லக்கூடாது, சொன்னால் படத்தைப் பற்றிச் சொன்னதாக இருக்காது, அவரைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது.

"ஆன்டி, நான் இன்னும் படத்தைச் சரியா பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பாருங்க. யாரு வேணாங்குறா. நான் கோப்பி கலக்குறேன்" என்று உள்ளே போனார்.

படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கவாட்டு ஜன்னலருகே ஒரு ஸ்டூலின்மேல் வைத்தேன். மற்ற ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். குணசீலன் சாத்தினார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் படத்தைத் தடவியபடி விழுந்தது. முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது என்னைக் கடுப்பேற்றியது. அந்தப் பெண்ணின் இடது குதிகால் செருப்பிலிருந்து லேசாக எழும்பியிருந்தது. குணசீலன் கதையில் அதை எழுதியிருந்தார். அது அவருடைய ஜோடனை என்று நினைத்திருந்தேன். என் புகைப்படத்தில் அந்த இடம் வெறும் நிழல். மனிதர் பார்த்திருக்கிறார். கூர்மையாகவே பார்த்திருக்கிறார். அந்தக் குதிகாலிலிருந்து கப்பலுக்கு ஒரே தாவாகத் தாவியதுதான் அவர் செய்தது. குதிகால் படத்தில் இருந்தது. கப்பல் இல்லை.

பிறகு வேறொன்று தெரிந்தது. தளத்தின் கட்டங்களுக்கு இடையிலான கோடுகளை ஓவியர் தடிப்பான சாயத்தில் இழுத்திருந்தார். பக்கவாட்டு வெளிச்சத்தில் அவை மேடாக நின்றன. அந்த மேடு சேலையின் விளிம்பில் நிற்கவில்லை. சேலைக்கு அடியில், தோலுக்குக் கீழே நரம்பு ஓடுவதுபோல ஓடி, மறுபக்கம் வெளியே வந்தது. நாற்காலியும் அப்படியே. அவள் உடம்பு மறைக்கிற இடத்திலும் பிரம்புப் பின்னலின் மேடு இழை இழையாக இருந்தது. உட்காரும் பலகைகூட முழுதாக இருந்தது. யாரும் உட்காராத நாற்காலி ஒன்றைக் கடைசிப் பின்னல்வரை வரைந்து, அது நன்றாகக் காய்ந்தபிறகு, அதன்மேல்தான் இந்தப் பெண்ணை வரைந்திருக்கிறார்.

ருக்மணி கோப்பிக் கோப்பைகளோடு வந்து நின்றார். இந்த முறை குணசீலனுக்கும் ஒன்று இருந்தது.

"இங்க வந்து நில்லுங்க ஆன்டி. சாஞ்சு பாருங்க. இந்தக் கோடு தெரியுதா? எங்க போகுதுன்னு பாருங்க."

அவர் விரலால் காற்றில் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனார். சேலைக்கு அடியில் போய் மறுபக்கம் வந்ததும் விரல் நின்றது.

"மொதல்ல அவர் வரைஞ்சது காலி ரூம். காலி நாற்காலி. அது முழுப் படமா முடிஞ்சிருக்கு. இவ அப்புறமாத்தான் வந்திருக்கா."

அவர் ஆறுதல் அடைவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மூக்கால் சிரித்தார்.

"அப்புறமா வரவதான்மா ஆபத்தானவ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னால் வந்த ஒருவர் நம் நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

"சரி. யாரு அவ?" என்றார்.

"தெரியல ஆன்டி."

"தெரியலன்னா?"

"நெசமாவே தெரியல. இது நீங்க இல்ல. குணா சார் சொன்னது உங்களச் சமாதானப்படுத்த. ஆனா இவ அவரோட மனசுல இருந்தவளான்னு கேட்டா, அதையும் இந்தப் படம் சொல்லல. காசு கொடுத்து உட்கார வெச்ச ஆளா இருக்கலாம். வேற படத்தப் பாத்து வரைஞ்சிருக்கலாம். ரூம் காலியா இருக்கேன்னு யாரோ ஒருத்திய வெச்சிருக்கலாம். இதுல எதையும் என்னால பாக்க முடியல. பாக்க முடிஞ்சது இந்தக் கோடு மட்டும்தான். இதுக்கு மேல சொன்னா நானும் கதைதான் சொல்லணும்."

குணசீலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ருக்மணி கையைக் காட்டி நிறுத்தினார். கோப்பைகளைக் கீழே வைத்தார்.

"என் நாத்தனா ஒன்னு சொல்றா. பக்கத்து வீட்டுக்காரி ஒன்னு சொல்றா. இவன் பேப்பர்லயே ஒன்னு சொல்லிட்டான். என் புருசனப் பத்தி எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்" என்றார். பிறகு, "இப்போ சொன்னீங்களே, அத அப்படியே எழுதுவீங்களா? படத்துக்குக் கீழயே? யாருன்னு தெரியலன்னு?" என்று கேட்டார்.

"எழுதுறேன்."

"காத்திருக்கா, கப்பலு, அந்தப் பேரெல்லாம் வரக்கூடாது."

"வராது ஆன்டி."

"அப்போ எடுத்துட்டுப் போங்க. சாயக்காரன் வரதுக்குள்ள. அவன் வந்து நின்னா எனக்கு மறுபடி மனசு மாறிடும்."

பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, அதில் படத்தைச் சுற்றச் சொன்னார். குணசீலனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரின் பின்சீட்டில் வைத்தோம்.

திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டியதும் குணசீலன் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அந்தக் கோடு சேலைக்கு அடியில போறத நான் பாக்கவே இல்ல மிஸ். எத்தன வருசமா பாக்குறேன் அந்தப் படத்த. நீங்க வந்து கொஞ்ச நேரத்துல பாத்துட்டீங்க. எனக்கு வயிறு எரியுது" என்றார்.

அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த கை அப்படிச் சொல்லவில்லை. என்மேல் ஒருவர் பொறாமைப்படுவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை அந்தச் சுகம் இருந்தது.

மறுப்புக் கட்டுரையை நான் எழுதவில்லை. தேவைப்படவில்லை. குணசீலனே ஞாயிறு மலரில் எழுதிவிட்டார். தன் கதை முழுக்கத் தன் கற்பனை என்றும், படத்தில் இருப்பவர் யாரென்று தனக்குத் தெரியாது என்றும், ஓவியரின் மனைவி மனம் நோகக் காரணமானதற்கு மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினார். அதோடு விட்டாரா? தளத்துக் கோட்டை நான் கண்டதையும், என் பெயரைப் போட்டே, ஒரு பத்தியில் எழுதியிருந்தார். அந்த ஒரு பத்தி, நான் கையேட்டில் நான்கு பக்கம் எழுதியதைவிட நன்றாக இருந்தது. மலரின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு மேசையோரம் காட்டினார். மன்னிப்புக்கு வந்த கடிதங்கள் கதைக்கு வந்ததைவிட அதிகம்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல வருகிறேன்? பொறாமைப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது நம் கையில் இல்லை. பொறாமை வந்திருக்கும் நாளில் தீர்ப்பு எழுத உட்காராதீர்கள், முதலில் படத்தின் முன்னால் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். வாக்கியம் சுலபமாக வந்தால் யாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். கதை எழுதுகிறவர்களை ஏளனம் செய்யாதீர்கள். அவர்களில் சிலருக்கு நம்மைவிட நல்ல கண் உண்டு. அவர்கள் பார்த்ததையும் அவர்கள் தாவியதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாமும் தாவுகிறவர்கள்தான். நம்முடைய தாவலுக்கு அடிக்குறிப்பு போட்டிருப்போம், அவ்வளவுதான். 'தெரியவில்லை' என்று எழுத வேண்டிய இடத்தில் அதை எழுதுங்கள். உங்கள் மேலதிகாரிக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை, படத்துக்கு அடியில் அந்தச் சொல்லை ஒட்டியபோது, இதற்கா லண்டன்வரை போய்ப் படித்தோம் என்று இருந்தது.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. குணசீலனைப் படித்துவிட்டு வந்த கூட்டம்தான். நான் ஒரு தூணோரம் நின்று, ஒவ்வொருவரும் நேரே அந்தப் படத்துக்குப் போவதைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் ருக்மணி கிள்ளானிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தார். மற்றப் படங்களை நின்று பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்றார். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, ஆளை எடைபோடுவதுபோலப் பார்த்தார்.

ஒரு இளம் தம்பதி அவர் அருகில் வந்தார்கள். செந்தூலிலிருந்து வந்திருப்பதாக முன்பு என்னிடம் பேசியவர்கள். பெண் தன் கணவனிடம், "இவதாங்க காத்திருப்பவ. கப்பலுக்குப் போனவனுக்காக" என்றாள்.

"அவ காத்திருக்கலம்மா. சும்மா உக்காந்திருக்கா" என்றார் ருக்மணி.

"நீங்க யாரு ஆன்டி?"

"வரைஞ்சவரோட பொண்டாட்டி."

அந்தப் பெண் திடுக்கிட்டுப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தூணை விட்டு இரண்டு அடி முன்னால் வந்துவிட்டேன்.

"அப்போ... இது யாரு ஆன்டி?"

"எனக்குத் தெரியாது. எனக்கு இவளப் புடிக்கவும் புடிக்காது" என்றார் ருக்மணி. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துப் படத்துக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு போனார். "ஆனா இங்க வந்து பாரு. அந்த முதுக எப்படி வரைஞ்சிருக்கான் பாரு, அந்த மனுசன்."